உங்கள் பக்கத்தின் கேலி புரூஃப்: தமிழ் இணைய இதழ்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய இதழில் ஒரு சிறுகதை படித்தேன். எழுத்தாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘அட்மின்’ என்று இருந்தது. “அதனால்தான் அவள் திரும்பிப் பார்க்கவில்லை” என்று கதை தொடங்கியது. எதனால் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன என்று நானும் மேலே படித்துக்கொண்டு போனேன். நாயகியின் தாய் கடைசி மூச்சை விடும் இடத்தில், “இதையும் படியுங்கள்: கோடையில் தயிர் புளிக்காமல் இருக்க என்ன வழி?” என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே அந்தத் தாய் பாடிய நாலு வரித் தாலாட்டு, மூச்சு விடாமல் சொன்ன முகவரிபோல ஒரே வரியாக நீண்டு கிடந்தது.

பிறகுதான் சந்தேகம் வந்து, அதே பக்கத்தைச் சாதாரணமாகத் திறந்து பார்த்தேன். முதல் பத்தி பெரிய எழுத்தில் கம்பீரமாக நின்றது. எழுத்தாளரின் பெயர் இருந்தது. தாலாட்டு நாலு வரியாக, நடுவில் சீராக நின்றது. தயிர் சமாசாரம் மட்டும் அங்கேயும் இருந்தது. ஆனால் மஞ்சள் கட்டத்துக்குள் இருந்ததால் அது கதையில் சேராது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

நான் முதலில் பார்த்தது ரீடர் வியூ எனப்படும் வாசிப்பு முறையில். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகி ஓராண்டாகிறது. வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் நீங்கள் போடும் எழுத்து எனக்குக் கரைந்துபோகிறது. அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முகவரிப் பட்டையில் உள்ள அந்தச் சின்னத் தாள் படத்தை அழுத்திவிடுவேன். விண்டோஸ் கணினியில் பயர்பாக்ஸ் உலாவி வைத்திருப்பவர்களுக்கு எஃப்9 விசை. விளம்பரம், பட்டை, மிதக்கும் பொத்தான் எல்லாம் போய், கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். என்னைப்போல இதை நம்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. பார்த்திருந்தால் அந்தத் தாலாட்டை அப்படி விட்டிருக்க மாட்டீர்கள்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். மதுரையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். அன்று கோத்த எழுத்தை நீளமான தட்டில் அடுக்கி, மையைத் தடவி, ஒரு நீளத் தாளில் ஒற்றியெடுப்போம். அதற்குப் பெயர் கேலி புரூஃப். அதில் படம் இருக்காது, கட்டம் இருக்காது, பக்க எண்கூட இருக்காது. வெறும் வாசகம். பக்கம் கட்டிய பிறகு அலங்காரத்தில் மறைந்துபோகிற பிழையெல்லாம் கேலி புரூஃபில் முழித்துக்கொண்டு நிற்கும். வாசிப்பு முறையும் அப்படித்தான். அது உங்கள் பக்கத்தைக் கெடுப்பதில்லை. உங்கள் பக்கத்தின் கேலி புரூஃபை எடுத்து எனக்குக் காட்டுகிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்க்90 என்ற நிறுவனம் ‘ரீடபிலிட்டி’ என்று ஒரு சிறு நிரலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆப்பிள் அதை எடுத்துத் தன் சஃபாரி 5-இல் ‘ரீடர்’ என்று சேர்த்தது. மொசில்லா அதே நிரலைத் தன் வழியில் வளர்த்து, கணினிக்கான பயர்பாக்ஸில் 2015-இல் கொடுத்தது. முதலில் தொடங்கியவர்களின் சேவை 2016-இல் மூடப்பட்டது. நிரல் மட்டும் மொசில்லாவின் கையில் உயிரோடு இருக்கிறது. திறந்த நிரல் என்பதால் யாரும் படித்துப் பார்க்கலாம். நான் படித்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னபோது, நாற்பது வருடம் அச்சகத்தில் செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது என்று புரிந்தது. கீழே சொல்லும் கணக்கெல்லாம் பயர்பாக்ஸுடையது. குரோம், சஃபாரி கணக்குகள் வேறு. ஒரே பக்கம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிவது அதனால்தான்.

இயந்திரத்துக்கு எது கட்டுரை, எது விளம்பரம் என்று தெரியாது. அதற்குக் கண் இல்லை. மஞ்சள் கட்டம், பெரிய எழுத்து, நடுவில் நிறுத்திய வரி, எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஆகவே மதிப்பெண் போடுகிறது. 25 எழுத்துக்குக் குறைவான பத்திக்கு மதிப்பெண் கிடையாது. அதைத் தாண்டினால் அடிப்படையாக ஒன்று; பிறகு ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒன்று; ஒவ்வொரு 100 எழுத்துக்கும் ஒன்று, ஆனால் மூன்றுக்கு மேல் போகாது. பக்கம் கட்டுகிறவர்கள் பத்திகளைச் சேர்த்துப் பெட்டி பெட்டியாக அடைத்துப் பெயர் வைப்பார்கள்; இப்படிக் கிடைத்த மதிப்பெண் அந்தப் பத்தி இருக்கும் பெட்டிக்கு முழுதாகவும், அந்தப் பெட்டியைச் சுமக்கும் வெளிப் பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேரும். பெட்டியில் உள்ள வாசகத்தில் பாதி இணைப்புகளாக இருந்தால் மதிப்பெண்ணும் பாதியாகிவிடும். கடைசியில் எந்தப் பெட்டி முதலிடமோ அதுதான் கட்டுரை. அண்டை வீட்டுப் பெட்டிகளில் தேறுகிறவற்றையும் கூட்டிக்கொள்ளும். இப்படிச் சேர்த்தது 500 எழுத்துக்குக் குறைந்தால், விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு மறுபடி முயன்று பார்க்கும்.

காற்புள்ளிக்கு மதிப்பெண் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காற்புள்ளி போட்டால் நடை தடுக்குகிறது” என்று சொன்ன எழுத்தாளர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் எனக்குப் பரிந்து பேச ஓர் இயந்திரம் வந்திருக்கிறது.

எழுத்தை எண்ணும் விதமும் தமிழுக்குக் கொஞ்சம் வேறு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து. இயந்திரத்துக்கு ஏழு, ஏனென்றால் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும். ‘நன்றி’ நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. ஆகவே நம் எழுத்துக்குச் சற்றே தாராளமான கணக்குத்தான். அப்படியும் “எப்போது வந்தாய்?” என்ற உரையாடல் மேற்கோள் குறிகளோடு சேர்த்து 18-தான் வருகிறது. அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை. பெட்டி நல்ல பெட்டியாக இருந்தால் பக்கத்து வரிகளின் தயவில் அதுவும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்திருந்தால் அதன் பாடு திண்டாட்டம்.

இனி அந்தக் கதையின் முதல் பத்தி எங்கே போனது என்று பார்ப்போம். மகள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து காட்டினாள். முதல் பத்தியைப் பெரிய எழுத்தில் காட்டவேண்டும் என்பதற்காக, உங்கள் வடிவமைப்பாளர் அதைத் தலைப்போடு சேர்த்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் ‘போஸ்ட்-ஹெட்டர்’. வாசிப்பு முறையிடம் ஒரு கறுப்புப் பட்டியல் இருக்கிறது. பெட்டியின் பெயரில் ஹெட்டர், ஃபுட்டர், சைடுபார், கமெண்ட், மெனு, பேனர், எக்ஸ்ட்ரா, சோஷியல், ரிலேட்டட் போன்ற சொல் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தூக்கிப் போட்டுவிடும். பெயரில் ஆர்டிகிள், கண்டென்ட், மெயின், பாடி போன்ற சொல்லும் சேர்ந்திருந்தால் மன்னித்துவிடும். அதாவது ‘ஆர்டிகிள்-ஹெட்டர்’ என்று வைத்திருந்தால் முதல் பத்தி பிழைத்திருக்கும். ஒரு சொல்லால் ஒரு கதையின் தலை போயிற்று.

(பெட்டிக்குத் தமிழிலேயே ‘கட்டுரை’ என்று பெயர் வைத்தால் என்ன என்று மகளைக் கேட்டேன். வைக்கலாம், தடையில்லை, ஆனால் பட்டியலில் உள்ளவை ஆங்கிலச் சொற்கள் மட்டும், ஆகவே கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்றாள். இது நிரல் எழுதியவர்களிடம் கேட்கவேண்டிய வேறு ஒரு மடல்.)

தயிர் தப்பித்த கதை இதற்கு நேர்மாறு. அந்த வரியை உங்கள் ஆட்கள் ‘பத்தி’ என்ற குறியீட்டுக்குள்ளேயே போட்டு, மஞ்சள் நிறத்தை மட்டும் மேலே பூசியிருக்கிறார்கள். வாசிப்பு முறை நிறத்தைக் கழுவியது. மிச்சம் இருந்தது ஒரு பத்தி. அதுவும் கதையின் பத்திகளுக்கு நடுவில். இயந்திரம் அதைக் கதை என்று எடுத்துக்கொண்டதில் என்ன தவறு? பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் ‘அசைடு’ என்று ஒரு குறியீடு உண்டு. இது ஓரத்துச் சங்கதி, கட்டுரையில் சேராது என்று சொல்வதற்கென்றே இருப்பது. அதற்குள் வைத்திருந்தால் வாசிப்பு முறை கேள்வி கேட்காமல் அகற்றியிருக்கும். மஞ்சள் நிறத்தை நீங்கள் அதன்மேலும் பூசிக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றார்கள்?

தாலாட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். வரியை உடைப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ‘இங்கே வரி முடிகிறது’ என்று வாசகத்துக்குள்ளேயே ஒரு குறி வைப்பது ஒன்று. ‘தட்டச்சில் எங்கே வரி மாறியதோ அங்கே திரையிலும் மாற்றிக் காட்டு’ என்று அலங்காரக் கோப்பில் ஒரு கட்டளை எழுதிவைப்பது இன்னொன்று. உங்கள் பக்கத்தில் இருந்தது இரண்டாவது. வாசிப்பு முறை அலங்காரக் கோப்பை எறிந்துவிடுகிறது. கட்டளை போனதும் நாலு வரியும் ஒட்டிக்கொண்டன. முதல் வழியில் செய்திருந்தால் வரிகள் நின்றிருக்கும்; இரண்டு முறிவு அடுத்தடுத்து வந்தால் அதைப் புதுப் பத்தியாக மாற்றும் அளவுக்கு இயந்திரத்துக்கு அறிவும் இருக்கிறது, ஆகவே கண்ணிகளுக்கு இடையிலான வெளியும் பிழைத்திருக்கும்.

கவிதையில் வரி என்பது அலங்காரம் இல்லை. நாலு நாலு சீராக வந்து ஈற்றடி மூன்று சீரில் முடிவது வெண்பா. அதை ஒரே வரியாக்கினால் வெண்பா என்று யார் கண்டுபிடிப்பது? புதுக்கவிதைக்கோ வரி முறிவைத் தவிர வேறு யாப்பே கிடையாது. ஈய எழுத்துக் காலத்தில் கவிதையின் வரியை இடம் போதவில்லை என்று மடக்கினால் எங்கள் போர்மன் ஐயா கையிலிருந்த, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை மேசையில் ஓங்கி வைப்பார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

‘அட்மின்’ விஷயம் சின்னது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பெயரை இயந்திரம் நம்புவதில்லை. மறைவாக எழுதிவைக்கும் விவரக் குறிப்பை முதலில் பார்க்கும். பதிப்பு மென்பொருளில் யார் பெயரில் உள்நுழைந்து ஏற்றினீர்களோ அந்தப் பெயர் அங்கே விழுந்துவிடுகிறது. கதை எழுதினவர் ஒருவர், ஏற்றினவர் ஒருவர். தலைப்பும் இப்படித்தான்: தேடுபொறிக்காக ஒரு தலைப்பும் வாசகருக்காக ஒரு தலைப்பும் வைத்திருந்தால், வாசிப்பு முறையில் தேடுபொறித் தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இரட்டை நாக்கு வெளிப்பட்டுவிடுகிறது.

உபதலைப்புகளுக்கும் கதி இதுவே. சாதாரணப் பத்தியை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, சிவப்பாக்கி வைத்தால் அது கண்ணுக்கு உபதலைப்பு. இயந்திரத்துக்கு அது இன்னொரு பத்தி. அலங்காரம் போனதும், நடுவில் காரணமில்லாமல் நிற்கும் முடியாத வாக்கியமாகத் தெரிகிறது. மெய்ப்புப் பார்க்கிறவன் கை உடனே சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.

சில இதழ்களில் இன்னொரு சங்கடம். அந்தச் சின்னத் தாள் படமே தோன்றுவதில்லை. இதற்கும் கணக்கு இருக்கிறது. பக்கம் திறந்ததும் பயர்பாக்ஸ் மேலோட்டமாக ஒரு முறை பார்க்கும். 140 எழுத்துக்குக் குறைந்த பத்தியைக் கண்டுகொள்ளாது. கூடுதலாக உள்ள எழுத்துகளின் வர்க்கமூலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மொத்தம் 20-ஐத் தாண்டினால்தான் பொத்தானைக் காட்டும். 240 எழுத்துள்ள ஒரு பத்திக்கு 10. இப்படி இரண்டு இருந்தால் 20, தாண்டவில்லை. மூன்றாவது வேண்டும். ஆனால் கைப்பேசியில் படிக்க வசதி என்று நீங்கள் வாக்கியத்துக்கு ஒரு பத்தியாக வெட்டிப் போடுகிறீர்கள். 130 எழுத்துள்ள பத்தி நூறு இருந்தாலும் கூட்டுத்தொகை பூஜ்யம். பெரிய கட்டுரைதான், ஆனால் பொத்தான் கிடையாது. மொத்தக் கட்டுரையையும் ‘ஆர்டிகிள்’ என்ற ஒரு குறியீட்டுக்குள் வைத்துவிட்டால் போதும். அதையும் ஒரு துண்டாக எண்ணுவதால் கணக்கு எளிதில் தேறிவிடும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. அவ்வளவுதான் செலவு.

இந்த வியாதி நமக்குப் புதிதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு இணையத்தில் தமிழ் எழுதினோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான். பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, கடைசியில் எச். எழுத்துரு என்ற முகமூடி இருக்கும்வரை அது அம்மா. முகமூடி கழன்றால் கிறுக்கல். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதற்குள் எத்தனை பக்கங்களை அப்படி எழுதிக் குவித்துவிட்டோம்! பழைய சேமிப்பில் உள்ள அப்படிப்பட்ட பக்கம் ஒன்றை வாசிப்பு முறையில் திறந்து பாருங்கள். எழுத்துரு போய்விடும், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் சிதறிக் கிடக்கும். அன்று எழுத்தில் செய்த தவறை இன்று கட்டுமானத்தில் செய்கிறோம். கண்ணுக்குச் சொன்னதை வாசகத்துக்குள் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

கண் தெரியாத வாசகர்கள் உங்கள் பக்கத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் ஆங்கில எச் விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். சிவப்பு பூசிய பத்தி அதற்குத் தலைப்பில்லை. அது தாவிப் போய்விடும். பக்கத்தின் மொழி என்ற இடத்தில், வாங்கிய வார்ப்புருவில் இருந்தபடியே ‘ஆங்கிலம்’ என்று விட்டுவைத்தால், தமிழைப் படிக்க ஆங்கிலக் குரலை அழைக்கும் வாய்ப்பும் உண்டு. மாற்றவேண்டியது இரண்டே எழுத்து: en போய் ta வரவேண்டும்.

விளம்பரம் போய்விடுகிறதே என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நான் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே உங்கள் பக்கம் விளம்பரங்களோடு என் திரையில் வந்து இறங்கிவிடுகிறது, ஐயா. அதற்குப் பிறகுதான் நான் கண்ணைக் காப்பாற்றிக்கொள்கிறேன். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் விளம்பரத்தையும் சேர்த்துப் படிப்பேன் என்று நினைக்காதீர்கள், மூடிவிட்டுப் போய்விடுவேன்.

இயந்திரத்தின்மேல் பழியே இல்லை என்று நான் வாதாடவில்லை. அது ஊகிக்கிறது, ஊகம் தப்பும். ஒழுங்காகக் கட்டிய பக்கத்திலும் சில சமயம் படத்தை விழுங்கிவிடுகிறது, அட்டவணையைக் குதறிவைக்கிறது. ஆனால் அந்தக் கதையில் நான் எண்ணிய நாலு பிழையும் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தவை. நல்ல சட்டை போட்டு மறைத்திருந்தீர்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. அச்சகத்தில் கேலி புரூஃப் பார்க்காமல் எந்தப் பக்கமும் மெஷினுக்குப் போகாது. நீங்களும் ஏற்றிய உடனே ஒருமுறை எஃப்9 அழுத்துங்கள். ஆசிரியர் அழுத்தட்டும், வடிவமைப்பாளர் அல்ல. முதல் பத்தி காணவில்லை என்பது ஆசிரியருக்குத்தான் உடனே உறைக்கும். வார்ப்புருவை ஒரு தடவை திருத்தினால் அடுத்து வரும் கதைகளுக்கெல்லாம் அதுவே போதும். பழைய கவிதைப் பக்கங்களை மட்டும் கையால் திருத்தவேண்டியிருக்கும். ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வரி எங்கே முறியவேண்டும் என்று குறித்துக் கொடுக்க இன்னும் எனக்குக் கண் இருக்கிறது.

அந்தக் கதையில் ‘அட்மின்’ போய் எழுத்தாளர் பெயர் வந்துவிட்டது. யாரோ கவனித்திருக்கிறீர்கள், நன்றி. நேற்று இரவும் அழுத்திப் பார்த்தேன். தாலாட்டு இன்னும் ஒரே வரியாகத்தான் கிடக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒரு மெய்ப்புத் திருத்துநர்
மதுரை